சாப்பாட்டுப் பெட்டியும் சந்தைப் பையும்: கொழும்புப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு வடக்கில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஞாயிறு காலை அறநெறி வகுப்பு முடிந்ததும் அதே மண்டபத்தில் பிள்ளைகளோடு அரை மணித்தியாலம் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவேன். பேச்சு மட்டுமில்லை. மரக்கறி நறுக்குவோம், பயறு முளைக்க வைப்போம், சில நாள் கொட்டாஞ்சேனைச் சந்தைக்கு நடந்து போய் வருவோம். வாசலில் காத்திருக்கும் அம்மா, அப்பா, அம்மம்மாமார் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் கீழே இருப்பவை. நான் வைத்தியர் இல்லை. ஒவ்வாமை, நோய், மருந்து சம்பந்தப்பட்டதைக் கிளினிக்கில் கேளுங்கள்.

எந்த வயதில் சொல்லிக்கொடுக்கத் தொடங்குவது?

முருங்கைக் காம்பைக் கையில் கொடுத்தால் இலையை உருவத் தெரிகிற வயதில். மூன்று, மூன்றரை போதும். "இதில் விட்டமின் ஏ இருக்கிறது, கண்ணுக்கு நல்லது" என்று அந்த வயதில் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. உருவட்டும், மணந்து பார்க்கட்டும், பாதியை நிலத்தில் கொட்டட்டும். பாடசாலையில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடத்தில் உணவு வருகிறதுதான். ஆனால் படத்தில் நிறம் தீட்டுகிற கத்தரிக்காய்க்கும் சட்டியில் வதங்குகிற கத்தரிக்காய்க்கும் உள்ள தூரத்தை வீட்டில்தான் கடக்க முடியும்.

கீரையைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடுகிறான். என்ன செய்வது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். முதலில் ஒரு கணக்கு. புதிய சாப்பாடு ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்துத் தடவையாவது அதைக் காண வேண்டும், தொட வேண்டும், நாக்கில் வைக்க வேண்டும். சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவையும் ஆகும். நாங்களோ மூன்றாம் தடவையிலேயே "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று பட்டம் கட்டிவிடுகிறோம். அதுவும் மாமிமார் முன்னால், அவன் காதுபடச் சொல்கிறோம். பட்டம் கிடைத்த பிள்ளை அதைக் காப்பாற்றத்தான் பார்ப்பான்.

எனக்குச் சரிவந்த முறை ஒன்று: எதை, எப்போது வைப்பது என்பது பெரியவர்கள் பாடு. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பாடு. ஒரு தேக்கரண்டி வறையைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். சாப்பிட்டால் சரி, சாப்பிடாவிட்டாலும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். மூன்று நாள் கழித்துத் திரும்ப வையுங்கள். "இதை முடித்தால் சொக்கலேட்" என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். கீரை தண்டனை, சொக்கலேட் பரிசு என்று நாங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், சமையலையும் கொஞ்சம் பாருங்கள். பெரியவர்களுக்கே தொண்டையில் சிக்குகிற மாதிரி நீளமாக அரிந்த பொன்னாங்காணியைப் பிள்ளைக்கு வைத்தால் அவன் துப்பத்தான் செய்வான். மெல்லிசாக அரிந்து, சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டு, அடுப்பை நிறுத்திய பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள். வல்லாரையை வதக்காமல் பச்சையாகச் சம்பல் போட்டால் கசப்புத் தெரியும். ஆரம்பத்துக்கு அது வேண்டாம். கங்குனும் முருங்கை இலையும் சாதுவானவை. முருங்கை இலையைப் பருப்போடு சேர்த்துவிட்டால் பாதிப் பிள்ளைகள் கேள்வியே கேட்பதில்லை. ஆனால் ஒளித்து வைத்து ஏமாற்ற வேண்டாம். "பருப்புக்குள் என்ன இருக்கிறது, கண்டுபிடி" என்று கேளுங்கள்.

என் வகுப்பில் ஒரு விதி உண்டு. "சீ" என்று சொல்லக் கூடாது. என்ன ருசி என்று சொல்லலாம்: கசப்பு, புளிப்பு, சவசவ, வழுவழு, மண் வாசம். வெண்டிக்காயைப் பற்றி ஒருத்தி "மூக்குச் சளி மாதிரி" என்றாள். விதிப்படி அது சரியான விடைதான், ஒத்துக்கொண்டேன். அடுத்த கிழமை மொறுமொறுவென்று வதக்கிக் கொண்டுபோனேன். அவளே மூன்று துண்டு எடுத்தாள்.

ஸ்கூல் வேன் ஐந்தே முக்காலுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் பிள்ளைக்கு வாய் திறக்கவே மனமில்லை. காலைச் சாப்பாட்டுக்கு என்ன வழி?

மட்டக்குளியிலிருந்தோ வத்தளையிலிருந்தோ பம்பலப்பிட்டிப் பாடசாலைக்குப் போகிற பிள்ளையின் வயிறு ஐந்தரைக்கு விழித்திருக்காது. அதை அதட்டி எழுப்பி இரண்டு துண்டு பாணைத் திணித்தால், பாதி நேரம் வேனில்தான் வெளியே வரும். காலைச் சாப்பாட்டை இரண்டாக உடையுங்கள். வீட்டில் ஏதாவது இலேசாக: ஒரு வாழைப்பழம், அல்லது அரைக் கோப்பை இலைக்கஞ்சி. சிங்களத்தில் கொளகெந்த என்பார்களே, அதுதான். சிவப்புப் பச்சையரிசியை இராவே ஊறவைத்துவிட்டால் காலையில் இருபது நிமிட வேலை. மீதியை மணி அடிக்கும் முன் வகுப்பில் சாப்பிடுகிற மாதிரிச் சின்னப் பெட்டியில் கொடுங்கள். அவித்த வற்றாளைக்கிழங்கு, அவித்த முட்டை, தேங்காய்ப்பூப் போட்ட கடலை, எதுவும் சரி. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கடலையை நசித்துக் கொடுங்கள். முழுசாகக் கொடுத்தால் புரையேறும் ஆபத்து உண்டு.

பின்னேரங்களில் பியானோ மெட்டை ஊதிக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிற சூன் பாண் ஓட்டோவை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. பேத்தோவன் எழுதிய மெட்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் இராத்திரிக்குப் பாண், காலையில் மிஞ்சிய பாண், இடைவேளைக்குப் பணிஸ் என்று ஒரு நாள் முழுவதும் கோதுமை மாவிலேயே போகிற வீடுகள் இந்த நகரத்தில் நிறைய உண்டு. கோதுமை எங்கள் மண்ணில் விளைவதில்லை, கப்பலில் வருகிறது. டொலர் ஏறினால் பாணும் ஏறும் என்பதை 2022இல் பிள்ளைகளே பார்த்தார்கள்.

தேத்தண்ணீர் கொடுக்கலாமா?

கூடுமானவரை வேண்டாம். கொடுப்பதென்றாலும் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். தேசிக்காயும் கொய்யாவும் இதற்கு நேர் எதிர், இரும்புச்சத்து உடம்பில் சேர உதவுபவை. வறைக்குத் தேசிக்காய் விட்ட எங்கள் அம்மம்மாமாருக்கு இந்தக் காரணம் தெரிந்திருக்காது. கை பழகியிருந்தது.

ஆரோக்கியமான சாப்பாடு காசு உள்ளவர்களுக்குத்தானே, டீச்சர்?

முகத்துவாரத்துத் தொடர்மாடி ஒன்றில் இருக்கும் ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். "இல்லை" என்று உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலை, அதற்கு முந்தைய வருடத்தைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சம்பளம் அப்படி ஏறவில்லை. பிறகு பணவீக்கம் குறைந்தது என்றார்கள். அதற்கு அர்த்தம் விலை ஏறும் வேகம் குறைந்தது என்பதே தவிர, விலை பழையபடி இறங்கியது என்பதல்ல. அந்த வருடம் பிள்ளைகளின் தட்டிலிருந்து முதலில் காணாமல் போனது மீன். பிறகு முட்டை, பால்மா. சோறும் பருப்பும் நின்றன. பருப்பு தண்ணீராகியது.

ஆக, காசு ஒரு காரணமே இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இருக்கிற காசு எங்கே போகிறது என்று பார்த்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். பிள்ளைகளோடு நான் விளையாடுகிற "1,000 ரூபா விளையாட்டு" அதற்குத்தான். கடதாசியில் வெட்டிய நோட்டுகளைக் குழுவுக்கு 1,000 ரூபா வீதம் கொடுத்துவிட்டு, சந்தையைச் சுற்றி விலைப் பலகைகளைப் பார்த்து எழுதச் சொல்வேன். ஐந்து பேருக்கு இராச் சாப்பாடு வேண்டும், தட்டில் மூன்று நிறம் இருக்க வேண்டும், மீன், முட்டை, பருப்பு, கடலை இவற்றில் ஒன்றாவது வேண்டும். ஒரு குழுப் பையன்கள் சந்தைக்குள்ளே வரவே இல்லை. வீதியைத் தாண்டிப் போய் ஒரு கோழிக் கொத்து "வாங்கி" விட்டு வெற்றிச் சிரிப்போடு வந்தார்கள். "சரி, ஐந்தாகப் பிரியுங்கள்" என்றேன். ஒருவன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆளுக்கு நாலு வாய்தான் வரும்" என்றான். பக்கத்துக் குழு அரிசி, மைசூர்ப் பருப்பு, ஒரு கட்டுக் கங்குன், பூசணித் துண்டு, மூன்று முட்டை வாங்கி, மிச்சக் காசுக்கு என்ன வாங்கலாம் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தது.

மலிவிலேயே சத்து நிறைந்தவை சில இருக்கின்றன. மைசூர்ப் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. சோற்றோடு சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றில் குறைவதை மற்றது நிரப்பும். நெத்தலியை முள்ளோடு பொரித்தோ குழம்பு வைத்தோ கொடுத்தால் கல்சியமும் கூடவே போகும். கருவாடு என்றால் மட்டும் சுடுதண்ணீரில் ஊறவைத்து உப்பைக் கழியுங்கள். சாளையும் நெத்தலியைப் போலத்தான், பெரிய மீனுக்குச் சளைத்ததல்ல. பழமென்றால் அப்பிளும் திராட்சையும்தான் என்கிற எண்ணத்தை முதலில் வீட்டை விட்டு அனுப்புங்கள். பப்பாசி, கொய்யா, வாழைப்பழம், நெல்லி, காலத்துக்கு விளாம்பழம் என்று எங்களுக்கு என்ன குறை?

பலாக்காயைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரித்தானியர் காலத்தில் ஆர்தர் வீ. டயஸ் என்பவர் பஞ்சம் வந்தாலும் சனம் பட்டினி கிடக்கக் கூடாது என்று நாடு முழுக்கப் பலா நட ஓடித்திரிந்தார். அதனால் அவருக்குக் "கொஸ் மாமா" என்றே பெயர் வந்தது. சிங்களத்தில் கொஸ் என்றால் பலா. பிஞ்சாகப் பொலொஸ் கறி, முற்றினால் அவியல், பழுத்தால் பழம், கொட்டையைச் சுட்டாலும் சாப்பாடு. கொழும்பில் மரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வெட்டித் துப்புரவாக்கிப் பொதியில் போட்டு விற்கிறார்கள். சுளையாக வாங்கினால் கைப்பசைக்கும் பயமில்லை.

வாங்குகிற இடமும் நேரமும் முக்கியம். பொழுதுபட்ட பிறகு சந்தையில் கீரைக்காரர் மிஞ்சியதைத் தள்ளிவிடப் பார்ப்பார். நாரஹேன்பிட்டிப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு ஓட்டோ பிடித்துப் போனால் கட்டும். கோட்டைப் பக்கம் இருந்த மெனிங் சந்தை 2020இல் பேலியகொடைக்குப் போய்விட்டது. அங்கே மொத்தமாக எடுத்தால்தான் இலாபம், தனி வீட்டுக்குச் சரிவராது. எங்கள் மாடியில் நான்கு வீடு சேர்ந்து ஒரு மூட்டை வெங்காயம் எடுத்துப் பங்கு போட்டிருக்கிறோம். தராசு இல்லாததால் கோப்பையால் அளந்தோம். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

வீட்டில் காசு இல்லை என்பதைப் பிள்ளைக்குச் சொல்லலாமா?

சொல்லலாம். பயமுறுத்தாமல் சொல்லுங்கள். "இந்தக் கிழமை மீன் வாங்கவில்லை, முட்டை வைத்திருக்கிறோம்" என்பது ஒரு செய்தி. "உன் வயிற்றை நிரப்பவே நான் சாகிறேன்" என்பது வேறு. பிள்ளை முதலாவதைப் புரிந்துகொள்ளும், இரண்டாவதைச் சுமந்து திரியும்.

நான் விட்ட பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாடசாலைச் சாப்பாட்டில் அன்றைக்கு அவித்த முட்டை. இரண்டாம் தரத்துப் பையன் ஒருவன் முட்டையைத் தொடவில்லை. கணக்குக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, கோது உரித்த முட்டையைச் சுற்றி, சட்டைப் பைக்குள் வைத்தான். சதுரக்கோடு போட்ட தாளில் நீல மை கரைந்து முட்டையில் ஒட்டியிருந்தது. நான் அவனை எழுப்பி, எல்லோர் முன்னாலும் "அரசாங்கம் உனக்கென்று தருகிற முட்டையை வீணாக்குகிறாயா" என்று கேட்டேன். அவன் எதுவும் பேசவில்லை. பாடசாலை விட்ட பிறகு வாசலில் பார்த்தேன். அவனைக் கூட்டிப் போக வந்த அக்காவின் இடுப்பில் ஒரு சின்னது. அந்தத் தாளை அவன் பிரித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு "வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று வகுப்பில் வரிசையாகக் கேட்பதை நிறுத்திவிட்டேன். போசாக்குப் பாடம் என்ற பெயரில் அந்தக் கேள்வியை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். காலையில் ஒன்றுமே சாப்பிடாத பிள்ளையும் "இடியப்பம், முட்டை, பால்" என்றுதான் சொல்லும். பொய் சொல்ல அங்கேதான் பழகுகிறது.

எங்கே என்ன உதவி கிடைக்கும்?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை நிறை குறைந்த பிள்ளைகள் ஆகியோருக்குத் திரிபோஷ இலவசம். 1973இல் தொடங்கிய திட்டம். சோளம், சோயா, பால்மா கலந்த மா அது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில், குடும்பநல மாது ஊடாகக் கொடுப்பார்கள். 2022இல் சோளம் இல்லாமல் உற்பத்தி தடைப்பட்டது போல எப்போதாவது நின்றும் போகும், அதனால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடித்தால் பிள்ளைகள் சாப்பிடும். பக்கெட்டை வீட்டில் எல்லோரும் பங்கு போடாமல், யாருக்குத் தந்தார்களோ அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கப் பாருங்கள். சொல்வது சுலபம், எனக்குத் தெரியும்.

அரச பாடசாலைகளில் முதலாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரையான எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு என்று 2024 மார்ச்சில் திட்டம் விரிவாக்கப்பட்டது. உங்கள் பாடசாலையில் எந்த நாளில் என்ன கொடுக்கிறார்கள் என்று அதிபரிடம் கேட்கலாம். சமைத்துக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதிப் பெண்கள்தான். பெற்றோர் போய் ருசி பார்ப்பதை நல்ல அதிபர்கள் தடுப்பதில்லை. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 2023இலிருந்து சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்திருக்கிறது. பெயர் விடுபட்டிருந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள்.

இவற்றுக்கு வெளியே கொழும்புக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. கோயில் அன்னதானம், வெசாக், பொசொன் நாட்களில் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சல், ரமழானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. வரிசையில் நிற்பவரிடம் நீ யார், எந்த மதம், எவ்வளவு சம்பளம் என்று எவரும் கேட்பதில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு வருடம் சாப்பிடப் போங்கள், இன்னொரு வருடம் பரிமாறப் போங்கள். கை நீட்டுவதும் கை கொடுப்பதும் ஒரே வரிசையில் நடக்கிறதைப் பிள்ளை பார்க்கட்டும்.

குளிர்பானம், பக்கெட் பால், ரோல்ஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டுமா?

முழுசாக நிறுத்துகிற வீட்டுப் பிள்ளை டியூஷன் வாசலில் இரண்டு மடங்கு வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். நிறுத்துவதைவிட வாசிக்கப் பழக்குங்கள். 2016இலிருந்து இங்கே விற்கும் குளிர்பானங்களில் சீனியின் அளவைக் காட்ட சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டங்கள் உண்டு. 2019இல் திண்பண்டங்களுக்கும் சீனி, உப்பு, கொழுப்புக்கு இதே நிறங்களைக் கொண்டுவந்தார்கள். நிறம் தெரிந்த பிள்ளைக்கு இது விளையாட்டு. ஆறு வயதுக்காரி கடையில் நின்று "அம்மா, இது சிவப்பு!" என்று கத்தி முதலாளியை முறைக்க வைத்திருக்கிறாள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைக்குக் கணக்கும் காட்டலாம். வட்டத்தில் இருக்கிற எண் 100 மில்லிலீட்டருக்கு உரியது, முழுப் போத்தலுக்கு அல்ல. அங்கே 10 கிராம் என்று இருந்தால் 400 மில்லிலீட்டர் போத்தலில் 40 கிராம். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். சீனிப் போத்தலையும் வெறும் கிளாசையும் மேசையில் வைத்து, பத்துக் கரண்டியைப் பிள்ளையின் கையாலேயே போடச் சொல்லுங்கள். ஆறாவது கரண்டியில் சிரிப்பு நின்றுவிடும். ஒரு நாளில் கிடைக்கும் மொத்தச் சக்தியில் பத்து வீதத்துக்குக் குறைவாகவே சேர்த்த சீனி இருக்க வேண்டும், ஐந்து வீதத்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1,500 கலோரி சாப்பிடுகிற சின்னப் பிள்ளைக்கு அந்தப் பத்து வீதம் ஒன்பது கரண்டி. அந்த ஒரு போத்தலிலேயே அது தாண்டிவிட்டது. "வளர்ச்சிக்கு" என்று எழுதி விற்கும் மோல்ட் பக்கெட்டுகளையும் திருப்பிப் பாருங்கள். அவை பெற்றோரைப் பார்த்துச் சிரிக்கிற சீனி.

பிறந்தநாள் கேக்கையும் காலிமுகத்திடல் இறால் வடையையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். தினமும் எது என்பதுதான் கேள்வி.

அம்மம்மா போனில் கார்ட்டூன் போட்டு ஊட்டுகிறார். நான் சொன்னால் சண்டை வருகிறது.

அம்மம்மாவுக்குப் பிள்ளை மெலிந்துவிடும் என்ற பயம். பயத்தோடு வாதாடி வெல்ல முடியாது. போனை எடு என்று சொல்வதற்குப் பதில் அவருக்கு வேறு வேலை கொடுங்கள்: பழைய கதை சொல்லச் சொல்லுங்கள், பிள்ளையோடு சேர்ந்து அவரும் அதே நேரத்தில் சாப்பிடட்டும். படம் பார்த்து வாய் திறக்கிற பிள்ளைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரிவதில்லை.

வகுப்பிலேயே என் மகள்தான் மெலிவு. பக்கத்து வீட்டுப் பையன் குண்டு. யாருக்கு எதைச் சொல்வது?

இரண்டு பேருக்கும் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். "எலும்பு தெரியுது", "தொந்தி வந்திட்டுது" என்று நாங்கள் பாசமாகச் சொல்வதைப் பிள்ளைகள் கண்ணாடி முன்னால் நின்று திரும்பச் சொல்லிப் பார்க்கிறார்கள். கண்ணால் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பிறந்தபோது தந்த கிளினிக் புத்தகத்தில் வளர்ச்சிக் கோடு இருக்கிறது. ஒரு மாத நிறையைவிட அந்தக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே பேச்சு. பாடசாலை வயதில் 1, 4, 7, 10ஆம் தரங்களில் மருத்துவப் பரிசோதனைக்கு வருவார்கள், அப்போது தருகிற குறிப்பைத் தொலைத்துவிடாதீர்கள். 2016இல் எடுத்த கணக்கெடுப்பில், நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15.1 வீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். அது 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்தியது.

நாங்கள் சைவம். புரதம் போதுமா?

போதும், கொஞ்சம் யோசித்துச் சமைத்தால். பருப்பு, கடலை, பயறு, கௌப்பி, உழுந்து, சோயா, பால், தயிர் என்று மாற்றி மாற்றி வையுங்கள். பால் பொருளும் சேர்க்காத வீடென்றால் விட்டமின் பி12 பற்றி வைத்தியரிடம் கேட்டே ஆக வேண்டும், அது தாவரத்திலிருந்து வராது.

ஆறாம் மாடியில் இருக்கிறோம். தோட்டம் எங்கே போடுவது?

தோட்டம் வேண்டாம், ஒரு ஈரத்துணி போதும். ஒரு பிடி பயறை இரவில் ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்துத் துணியில் கட்டி, சிங்க் பக்கத்தில் வையுங்கள். பிள்ளை காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கட்டும். இரண்டாம் நாள் வெள்ளை வால் முளைத்திருக்கும். மூன்றாம் நாள் தாளித்துச் சாப்பிடலாம். தான் வளர்த்ததைப் பிள்ளை மறுப்பது அபூர்வம். ஒருத்தி மட்டும், "பாவம், பிறந்து மூன்று நாள்தானே" என்று சாப்பிட மறுத்துவிட்டாள். அவளுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

என் மகள் இடைவேளையில் தன் சாப்பாட்டில் பாதியைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறாள். தடுக்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து வருகிற ஒரு தாய் போன தவணையில் கேட்டது. தடுக்க வேண்டாம், கொஞ்சம் கூட வைத்துவிடுங்கள் என்றேன். அந்தப் பிள்ளை யார், வீட்டில் என்ன நிலைமை என்று மகளைக் குடைந்து கேட்க வேண்டாம் என்றும் சொன்னேன். கேட்டால் மகளுக்கு அது உதவியாகத் தெரியும். இப்போது அவளுக்கு அது சிநேகம்.

இரண்டு விஷயத்தை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். சிலருக்குச் சில சாப்பாடு உடம்புக்கு ஒத்துவராது. கடலை, இறால், முட்டை என்றால் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். அப்புறம், வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாதவர்களும், ஹலால் பார்ப்பவர்களும், முட்டையே தொடாதவர்களும் ஒரே வாங்கில் இருக்கிற வகுப்பு இது. "இது சாப்பிடுவியா?" என்று முதலில் கேட்பதுதான் மரியாதை.

அந்தத் தாய் முன்பு ஐந்து இடியப்பம் வைத்தவர், இப்போது எட்டு வைக்கிறாராம். முதல் நாளே மகள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "சம்பலையும் கூட வையுங்கோ அம்மா, அவவுக்கு உறைப்பு விருப்பம்."